என்ன நிறம், வாப்பா?

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் ஒரு பெட்டி ஐந்து மாதங்கள் கிடந்தது. அதை ஏற்றி வைத்தவன் நான்தான்.

யப்பானில் வாகனத் தொழிலில் இருக்கும் என் மச்சான் விடுமுறையில் வந்தபோது, சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த மூத்த மகனுக்கென்று அதைக் கொண்டு வந்திருந்தார். பெட்டியின் மூடியில் ஒரு படம்: மணல் வெளியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் யுத்த டாங்கி. உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாகச் சிறு சிறு பாகங்கள். வெட்டி எடுத்து ஒட்டி முடித்தால், உண்மையான டாங்கியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில், ஒரு சாணுக்கும் குறைவான ஒரு டாங்கி வரும்.

"இந்த வீட்டுக்குள்ள டாங்கி வேணாம்" என்றேன். மகன் மறுத்துப் பேசவில்லை. பெட்டி மேலே போயிற்று.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அப்போது எனக்குப் பத்து வயது. யுத்தம் என்பதை மூடியில் வரைந்த படமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. இதற்கு மேல் நான் யாருக்கும் காரணம் சொல்லவில்லை, மகனுக்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு நாள் இரவு மத்ரஸாவிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி கறிச்சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க பெட்டியை மட்டும் மேல வைக்கல்ல. அவன்ட வாயையும் சேர்த்து மேல வச்சிட்டீங்க."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். சலாம் சொல்வான், தொழப் போவான், கேட்டதற்குப் பதில் சொல்வான். அவ்வளவுதான். முன்பெல்லாம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தாத பிள்ளை. மறுநாள் சுபஹ் தொழுகைக்குப் பின் கதிரையில் ஏறி, பெட்டியை இறக்கி, தூசியைத் துடைத்து அவன் மேசையில் வைத்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்பது நாளில் ஒட்டி முடித்துவிட்டான். கோபுரத்தின் மேல் இடுப்பளவு தெரிய நிறுத்தி வைக்க ஒரு சிப்பாயின் உருவமும் பெட்டியில் இருந்தது. அதை என்ன செய்யப் போகிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கோபுரத்தின் மூடியை மூடி, பசை வைத்து ஒட்டிவிட்டான். வாப்பா மௌலவி என்பதை அவன் மறக்கவில்லை.

ஒட்டுவது சுலபமான பகுதி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கஷ்டம் நிறத்தில் இருந்தது.

அந்த டாங்கியின் பெயர் மட்டில்டா. பிரித்தானியருடையது. 1940 டிசம்பரில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் இத்தாலியப் படைகளுக்கு எதிராக இறக்கப்பட்டது. அந்தக் காலத்து இத்தாலியப் பீரங்கிகள் பெரும்பாலும் அதன் கவசத்தைத் துளைக்க முடியாமல் தோற்றன. பாலைவனத்தில் அதற்கு விசித்திரமான ஓர் உருமறைப்பு நிறப் பூச்சு இருந்தது. மூன்று நிறங்கள், வளைவே இல்லாத நேர்கோட்டு விளிம்புகள், சாய்வாக வெட்டிய துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததுபோல. தூரத்தில் கானல் அசையும் வெளியில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று எதிரியின் கண் தடுமாற வேண்டும் என்பதே நோக்கம். 4ஆம் கவசப் படையணியின் தளபதி பிரிகேடியர் கோன்டரின் பெயரால் அதைக் கோன்டர் முறை என்கிறார்கள். 1941 முடிவோடு அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஓர் ஆண்டு சொச்சம் நின்ற அந்த நிறங்களைப் பற்றி மனிதர்கள் பல ஆண்டுகளாகச் சண்டை பிடித்திருக்கிறார்கள்!

சண்டை அந்த மூன்றில் ஒரு நிறத்தைப் பற்றியது. முதலாவது இளங்கல் நிறம், மங்கலான மணல் மஞ்சள். மூன்றாவது சிலேட்டு நிறம், பச்சை தட்டிய கடும் சாம்பல். நடுவில் உள்ளதன் பெயர் 'வெள்ளிச் சாம்பல்'. இங்கிலாந்தில் பெயர்பெற்ற டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு மட்டில்டாவில் இந்த இடங்களுக்கு வானநீலம் போன்ற ஒரு நிறம் பூசியிருந்தார்கள். உலகெங்கும் மாதிரி வாகனம் செய்பவர்கள் அதைப் பார்த்து நீலமே பூசினார்கள். புத்தகங்களில் நீலம், பெட்டிகளின் மூடிகளில் நீலம். பிறகு மைக் ஸ்டார்மர் போன்ற ஆய்வாளர்கள் 1930ஆம் ஆண்டின் பிரித்தானிய நிறத் தரப் பட்டியலைத் தேடிப் போனார்கள். வெள்ளிச் சாம்பல் நீலமே அல்ல, பச்சை லேசாகத் தட்டிய வெளிறிய சாம்பல் என்று காட்டினார்கள்.

மகன் இதைச் சொல்லி முடித்தபோது என் வாயில் தானாக வந்த வார்த்தை, "மஷ்ஹூர், ஆனால் ஸஹீஹ் அல்ல" என்பதுதான். எல்லோரிடமும் பரவியது, ஆனால் ஆதாரபூர்வமானது அல்ல. அவன் சிரித்தான். ஐந்து மாதத்தின் பின் என் முன்னால் அவன் சிரித்தது அப்போதுதான்.

அதன்பின் எனக்கும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஹதீஸ் கலையை விளையாட்டுச் சாமானோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் குறைபட வேண்டாம். அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் அறிவிப்பாளர்களை எடை போடப் படித்தவனுக்கு வேறு தராசு கைக்கு வராது.

"இந்த நிறத்தை அறிவிப்பவர் யார்?" என்று கேட்டேன்.

"கறுப்பு வெள்ளைப் படங்கள்" என்றான். நேர்மையான அறிவிப்பாளர்தான், ஆனால் நிறம் தெரியாதவர். அதிலும் பழைய வகைப் படச்சுருள் ஒன்று சிவப்பைக் காணாதாம். அதில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். படத்தில் கறுப்பாகத் தெரிகிறது என்பதற்காகக் கடும் நிறம் என்று தீர்மானிக்க முடியாது.

"நிறப் படங்கள் இல்லையா?" இருந்தன. கொடாக்குரோம் படச்சுருள் 1935இலேயே வந்துவிட்டது. ஆனால் போர்க்களத்தில் அது அரிது. வேறு வகை நிறச் சுருள்கள் பலவும் பெட்டிக்குள் கிடந்தே நிறம் மாறிப்போனவை. இன்று பரவித் திரிகிற நிறமூட்டிய பழைய படங்களோ கணினி ஊகித்துப் பூசியவை. அவற்றை நான் உடனே தள்ளிவிட்டேன். இடையில் புகுந்தவர் யாரென்று தெரியாத அறிவிப்பு அது.

"பழைய வாகனத்தில் சுரண்டி எடுத்த தீந்தைத் துண்டு?" இதுதான் பலமான சாட்சி. ஆனாலும் எண்ணெய்த் தீந்தை வயது போகப் போக மஞ்சள் தட்டும், வெயிலில் வெளிறும். எங்கள் கலையில் 'இக்திலாத்' என்று ஒன்று உண்டு. இளமையில் நினைவாற்றல் மிக்க ஓர் அறிவிப்பாளர் முதுமையில் தடுமாறிவிடுவார். அவர் தடுமாறுமுன் சொன்னதை எடுப்பார்கள், பின் சொன்னதை எடுக்கமாட்டார்கள். அதை விளக்கிச் சொன்னேன். மகன் கேட்டான்: "அப்ப அந்தக் காலத்து நிற அட்டைய இருட்டில மூடி வச்சிருந்தா?" இருட்டிலும் எண்ணெய் மஞ்சளாகும் என்று பிறகு அவனே தேடிக் கண்டுபிடித்தான்.

இதற்கிடையில் மாமாவிடம் சொல்லி, உண்மைத் தீந்தை பூசிய சிறு அட்டை ஒன்றைத் தபாலில் எடுப்பித்திருந்தான். தபால் முத்திரை அளவில் மூன்று சதுரங்கள். இந்த வேலைக்கென்றே விற்கும் தீந்தைப் போத்தல்கள் பலவும் தீப்பற்றக்கூடியவை என்பதால் மாமாவால் விமானத்தில் கொண்டுவர முடியவில்லை. ஆகவே புத்தகக் கடையில் சித்திர பாடத்துக்கு விற்கும் அக்ரிலிக் ரியூப்களை வாங்கி, அந்தச் சதுரங்களுக்குப் பொருத்தமாகக் கலக்க வேண்டியதாயிற்று.

கலப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம். வெள்ளையில் கறுப்பைக் கலந்தால் சாம்பல் வரும், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சாம்பல் லேசாக நீலமடித்தது. அதில் ஊசி முனையளவு மஞ்சள் வைத்தான். நீலம் போய் மெல்லிய பச்சை எட்டிப் பார்த்தது. பச்சை ரியூப்பை அவன் தொடவே இல்லை. கறுப்பும் மஞ்சளும் கூடினால் பச்சை வரும் என்று நாற்பத்தைந்து வயதில் தெரிந்துகொண்டேன்.

இஷாவுக்குப் பின் இரண்டு பேரும் உட்கார்ந்து, மின்குமிழின் கீழ் அட்டையையும் கலவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று, கோடு தெரியாமல் ஒன்றோடொன்று சேரும் வரை கொண்டுவந்தோம். நானே "மாஷா அல்லாஹ், போதும்" என்றேன். காலையில் விறாந்தையில் பார்த்தால் இரண்டும் வேறு வேறு! அட்டை சாம்பல், எங்களுடையது பாசி.

மகனுடைய முகம் விழுந்துவிட்டது. மனைவி தையல் மெஷினை விட்டு எழும்பி வந்து பார்த்தாள்.

"ராவையில் லைட்டுக்குக் கீழ பார்த்தா வேற என்ன வரும்? கடையில நாங்க துணிய வாசலுக்கு எடுத்துக் கொண்டு வந்து பாக்கிறது எதுக்கு?"

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சட்டைத் துணிக்குப் பொருத்தமான ஷோலைக் கடை விளக்கில் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஏமாந்தவர்கள் எத்தனை பேர்! இரண்டு சாயங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்து, மற்ற வெளிச்சத்தில் பிரிந்து நிற்பது உண்டு. சேர்த்த மூலச் சாயங்கள் வேறாக இருப்பதுதான் காரணம். உலகத்து நிபுணர்கள் இதற்கு நீளமான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரிக்குப் பெயர் தெரியாது, விஷயம் தெரியும்.

இன்னொன்றும் அவள்தான் சொன்னாள். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கடுமையாகும், ஈரத்தில் பார்த்துத் தீர்மானிக்காதே என்று. துணிக்குச் சாயம் போட்டவர்கள் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வார்கள், ஈரத்தில் கடுமை, காய்ந்தால் வெளிறல் என்று. அவள் எப்படி இதைக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். இரவு மகன் கடதாசியில் தொட்டு வைத்த புள்ளியையும் காலையில் அதே புள்ளியையும் அவள் பார்த்திருக்கிறாள். நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து கலக்கும் வேலை காலை ஒன்பது மணிக்கு, விறாந்தையில், நேர்வெயில் படாத நிழலில் என்று ஆயிற்று. தொட்டு வைப்பது, காயவிடுவது, பார்ப்பது, எழுதி வைப்பது. வெள்ளை எத்தனை துளி, கறுப்பு எத்தனை துளி என்று அப்பியாசக் கொப்பி ஒன்றில் கணக்கு. பதினொராவது கலவை பொருந்தியது.

பொருந்தியதும் பூசுவான் என்று பார்த்தால், அதில் இன்னும் இரண்டு துளி வெள்ளை விட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் பாடுபட்டுச் சரியாக்கியதைக் கெடுப்பதா?

"வாப்பா, இது முப்பத்தைந்தில ஒரு பங்கு. மேசையில ஓர் அடி தள்ளி வச்சுப் பாக்கிறது உண்மையான டாங்கியை முப்பத்தஞ்சு அடி தள்ளி நின்டு பாக்கிற மாதிரி. தூரம் போகப் போக நிறம் வெளிறும்தானே. பெரிய சாமானுக்குப் பூசின அதே தீந்தையைச் சின்னனுக்குப் பூசினா கறுத்துத் தெரியும்."

இதிலும் இரண்டு கட்சி உண்டாம். அசல் நிறத்தை அப்படியே பூச வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், கண்ணுக்கு அசலாகத் தெரியும்படி பூச வேண்டும் என்பவர்கள் மறுபக்கம். மனைவி மெஷினிலிருந்தபடியே, நூல்கட்டையில் சுற்றிய நூல் கடுமையாகத் தெரியும், இழுத்துத் தைத்தால் வெளிறும், அதனால் துணியை விட ஒரு படி கறுத்த நூல்தான் எடுக்க வேண்டும் என்றாள். அவளுடைய ஓட்டு எந்தக் கட்சிக்கு என்பது எனக்குத் தெளிவாயிற்று. நான் பேசாமல் இருந்தேன்.

இந்த நாட்களில் ஒருநாள் அவன் ஒரு படத்தைக் கொண்டுவந்து, "வாப்பா, இது எலியா?" என்று கேட்டான். கோன்டரின் படையணி சேர்ந்திருந்த 7ஆம் கவசப் படைப்பிரிவின் சின்னம். நீண்ட பின்னங்கால், நீண்ட வால், பாய்வதற்குத் தயாராக நிற்கும் சிவப்பு நிறப் பிராணி. கீழே பெயர்: ஜெர்போவா.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யர்பூஃ! ஜர்பூஃ என்றும் அரபிகள் சொல்வார்கள். ஆங்கிலேயர் அந்தச் சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள். பதினாறு வயதில் ஷாஃபிஈ ஃபிக்ஹ் கிதாபில் ஹஜ்ஜுப் பாடத்தில் மனனம் செய்தது: இஹ்ராம் கட்டியவர் யர்பூஃவைக் கொன்றுவிட்டால் பரிகாரம் ஜஃப்ரா, அதாவது நான்கு மாதப் பெட்டை ஆட்டுக்குட்டி. உஸ்தாத் அந்த இடத்தைக் கடந்து போனார், நாங்களும் கடந்து போனோம். அந்தப் பிராணி எப்படியிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் முயல் என்றார், ஒருவர் கீரி என்றார். பல வருடமாக நான் ஓதிக்கொடுத்தும் வருகிறேன், கண்டதில்லை. கண்டது ஒரு யுத்தப் படைப்பிரிவின் சின்னத்தில், என் மகனின் மேசையில்.

அன்று அஸர் வரை இருவரும் பேசினோம். அவனுடைய அடுத்த ஆசை ஒரு ஜெர்மன் வாகனம் என்றான். 1943 பெப்ரவரியில் ஜெர்மன் இராணுவம் தன் வாகனங்களின் அடிப்படை நிறத்தைக் கடும் சாம்பலிலிருந்து கடும் மஞ்சளுக்கு மாற்றியதாம். அதன்மேல் பூச ஒலிவ் பச்சையும் செங்கபிலமும் களிபோல ரின்களில் கொடுத்தார்களாம். பெற்றோலோ தண்ணீரோ, எது கிடைக்கிறதோ அதில் கரைத்துச் சிப்பாய்களே பூச வேண்டும். தண்ணீர் கூடினால் ஒரு நிறம், குறைந்தால் ஒரு நிறம். ஒரே ஊரில் ஒரே அரிசி மாவில் ஒரு வீட்டு ஆப்பம் மறு வீட்டு ஆப்பம் போல வராதது மாதிரி. "அப்ப எது சரியான நிறம்?" என்றேன். "அந்த ஒரு வாகனத்துக்கு அன்டைக்கு எது பூசினாங்களோ அது" என்றான்.

கடைசியில் மட்டில்டாவுக்கு மூன்று நிறமும் ஏறிற்று. ஒட்டும் நாடாவால் நேர்கோடு பிடித்து, ஒவ்வொன்றாக. முடிந்ததும் பார்த்தால் கண்ணைப் பறித்தது. மறைவதற்காகப் பூசிய நிறம் இப்படியா கண்ணைப் பறிக்கும் என்று நினைத்தேன். அவனுக்கும் அதே குறைதான். ஒரு சாக்குக்கட்டித் துண்டை மண்ணிறச் சாயத்தோடு அரைத்து, தூரிகையால் மெல்லத் தட்டினான். புழுதி. நீரில் கரைத்த மணல் நிறத்தைச் சங்கிலிச் சக்கரங்களின் பக்கம் வழியவிட்டான். நேர்கோடுகள் மங்கின. தூரத்திலிருந்து பார்த்தால், மூன்று நிறமா ஒன்றா என்று தெரியாத ஒரு பாலைவனப் பொருள்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான். பேச்சு எங்கிருந்து அங்கே போனது என்று எனக்கு ஞாபகமில்லை.

"வாப்பா, நீங்க வவுனியாவில இருந்து புத்தளத்துக்கு வந்த லொறி என்ன நிறம்?"

"மஞ்சள்" என்றேன். யோசிக்கவே இல்லை. முப்பத்தைந்து வருடமாக என் கண்ணுக்குள் நிற்கிற நிறம். பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கை அளவுக்கு அந்த மஞ்சளை எனக்குத் தெரியும்.

உள்ளே கட்டிலில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த என் உம்மா, "மஞ்சளில்ல மகன், பச்சை" என்றார்.

"இல்ல உம்மா, மஞ்சள்."

"பச்சை. ஏறக்குள்ள நான் தலைப்பால பின்பலகையைத் துடைச்சிட்டுத்தான் உன்னைத் தூக்கி வச்சனான். எனக்குத் தெரியாதா?"

நான் பேச்சை விட்டுவிட்டேன். அந்தப் பயணத்தைப் பற்றி உம்மா வாய் திறந்ததே மிகக் குறைவு. தலைப்பால் துடைத்ததை நான் இதற்கு முன் கேட்டதில்லை.

மகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப இரண்டு பேரும் சரி" என்றான். "வாப்பம்மா துடைச்ச இடத்தில பச்சை. நீங்க பார்த்தது தூசி."

ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவன் கொப்பியை எடுத்துப் புதிய பக்கத்தைத் திருப்பினான்.

இப்போது காலை ஒன்பது மணிக்கு விறாந்தையில் உம்மாவுக்கும் ஒரு கதிரை போட்டிருக்கிறது. கண்புரை எடுத்த கண், ஆனால் நிறம் தெரிகிறது என்கிறார். மகன் பச்சையைத் தொட்டுக் காட்டுகிறான். "இதில்ல, இன்னும் கொஞ்சம் செத்த பச்சை" என்கிறார். கறுப்பில் ஒரு துளி. "இதுவும் இல்ல." நேற்றோடு பதினான்கு கலவை ஆகிறது. கொப்பியில் ஒவ்வொன்றின் எதிரிலும் 'வாப்பம்மா: இல்லை' என்று எழுதியிருக்கிறான்.